கையேட்டோடு இலங்கை: தேர்ந்தெடுப்பது, சோதிப்பது, பிரித்துக் கட்டுவது

பெருங்களத்தூரில் கடற்கரை மின்சார ரயிலில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் திரிசூலம். எதிரே விமான நிலையம். அங்கிருந்து கொழும்புக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். பீர்க்கன்கரணையில் வீடு உள்ளவருக்குத் திருநெல்வேலியைவிட இலங்கை சீக்கிரம் வந்துவிடுகிறது. இந்த நெருக்கமே பலரை ஏமாற்றுகிறது. “பக்கத்து நாடுதானே, தமிழும் பேசுவார்கள், போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று டிக்கெட்டை எடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். பௌர்ணமி அன்று நாடே விடுமுறை என்பதும், கண்டியிலிருந்து நுவரெலியா போகும் 75 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் வரை ஆகலாம் என்பதும், ஜூன் மாதம் தெற்கே காலி நகரின் கடலில் இறங்கக் கூடாது என்பதும் அங்கே போன பிறகுதான் தெரிகிறது. மூன்றுமே நல்ல இலங்கைக் கையேட்டில் அச்சாகியிருக்கும் விஷயங்கள்.

ஒரு நல்ல கையேட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதில் எதை நம்புவது, எதை நம்பாமல் விசாரிப்பது, எப்படிப் பையில் வைத்துக்கொண்டு போவது என்பதே இந்த அத்தியாயம்.

சிறிய நாட்டுக்கு ஏன் புத்தகம்?

இந்தியாவுக்கு எழுதப்படும் கையேடு ஆயிரம் பக்கத்தையும் தாண்டக்கூடும். அதை முழுதாகப் படிப்பவர் யாருமில்லை. இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய சரிபாதி. நாடு முழுவதும் ஒரே கைப்புத்தகத்துக்குள் அடங்கிவிடும். தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் நாட்களில் படித்தாலே ஒரு மாதத்துக்குள் முடித்துவிடலாம். முடித்தவருக்கு அந்த நாட்டின் ஊர்கள் ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன, எதை எதோடு சேர்த்துப் பார்க்கலாம் என்பது மனதில் பதிந்துவிடும். சிறிய நாட்டுக் கையேட்டின் பெரிய பயன் இதுதான்.

கைப்பேசியில் தேடுபவருக்குத் தேடியது கிடைக்கும். பெயரே கேள்விப்படாத ஊரை எப்படித் தேடுவது? மன்னாரில் ஆப்பிரிக்கப் பெருக்கமரம் நிற்பதும், நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் மேய்வதும் பக்கத்தைப் புரட்டும்போது தானாகக் கண்ணில் படும். மலைநாட்டிலும் காட்டோரத்திலும் சிக்னல் போய்விடும் இடங்கள் உண்டு. அங்கே காகிதத்துக்கு சார்ஜ் தேவையில்லை.

புத்தகம் கிடைக்கும் இடங்கள்

புதிய பதிப்பு வேண்டுமென்றால் அண்ணா சாலை ஹிக்கின்பாதம்ஸ் போன்ற பெரிய கடைகள், அல்லது ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி. பழைய பதிப்பு போதுமென்றால் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலுக்குப் பின்னால் லில்லி பாண்ட் வளாகத்துக்குப் போகலாம். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள் வந்து சேர்ந்த இடம் அது. காசு செலவழிக்காமல் படித்துப் பார்க்க எழும்பூர் கன்னிமாரா நூலகமும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன.

பழையதை வீட்டில் படிக்கலாம். கையில் கொண்டுபோக புதியதே வேண்டும். நூறு ரூபாய்க்குக் கிடைத்தது என்பதற்காகப் பத்து வருடப் பழைய கையேட்டோடு விமானம் ஏறுவது சிக்கனம் ஆகாது. அதில் போட்டிருக்கும் விடுதி மூடியிருக்கும், பஸ் நிலையம் இடம் மாறியிருக்கும். ஆட்டோவுக்குக் கொடுக்கும் வீண் பணத்தில் புதிய பதிப்பே வாங்கியிருக்கலாம்.

வாங்கும் முன் செய்யவேண்டிய சோதனை

கடையில் நின்றபடியே செய்துவிடலாம். பத்து நிமிடம் போதும்.

1. முதலில் பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். பதிப்பு எண்ணும் ஆண்டும் இருக்கும். எழுதியவர் ஊர் ஊராகச் சுற்றியது அந்த ஆண்டுக்கும் முன்பே. எனவே அச்சான ஆண்டிலிருந்து ஒரு வருடத்தைக் கழித்தே புத்தகத்தின் வயதைக் கணக்கிட வேண்டும். “மறு அச்சு” என்று போட்டிருந்தால் அது புதிய பதிப்பு அல்ல. பழைய செய்தியே புதிய தாளில் வந்திருக்கிறது.

2. உடல்நலப் பகுதிக்குப் போய் மலேரியாவைத் தேடுங்கள். இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் அறிவித்தது. இலங்கைக்கு மலேரியா மாத்திரை போட்டுக்கொண்டு போகச் சொல்லும் புத்தகம் அதற்கு முந்தையது. அல்லது பழைய வரிகளை அப்படியே விட்டு அட்டையை மட்டும் மாற்றியது. இரண்டாவது வகை இன்னும் மோசம்.

3. யாழ்ப்பாணத்துக்கு எத்தனை பக்கம் என்று எண்ணுங்கள். உள்நாட்டுப் போர் காரணமாக நின்றுபோன ரயில் 2014 அக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் நகரை எட்டியது. பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமானது. இவை இல்லாத புத்தகம் வடக்கை எட்டியே பார்க்காதது. தெற்குக் கடற்கரைக்கு நூறு பக்கமும் வடக்குக்கு ஐந்து பக்கமும் ஒதுக்கிய புத்தகம் தமிழ்ப் பயணிக்குப் பாதிப் புத்தகம்தான்.

4. வரைபடங்களில் அளவுகோலும் வடதிசைக் குறியும் இருக்கின்றனவா? படிக்கக் கண்ணாடி தேவைப்படும் அளவு எழுத்து சிறிதாக இருந்தால், ஓடும் பஸ்ஸில் அது பயன்படாது.

5. கடைசியாக வண்டலூர் சோதனை. அதே பதிப்பாளரின் தென்னிந்தியக் கையேடு பக்கத்து அலமாரியில் இருக்கும். அதில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊரைப் படியுங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று போட்டிருக்கிறார்களா? வேடந்தாங்கலுக்குப் பறவைகள் நவம்பருக்குப் பிறகே திரளும் என்று சொல்கிறார்களா? மாமல்லபுரத்துக்குப் போகும் வழி சரியா? நமக்குத் தெரிந்த ஊரில் தப்பு செய்கிறவர்கள் தெரியாத ஊரில் மட்டும் சரியாக எழுதியிருப்பார்கள் என்று நம்ப முடியாது.

இந்த ஐந்தில் கடைசியைத்தான் யாரும் செய்வதில்லை. ஒரு கையேட்டின் நாணயத்தை எடைபோட இதைவிட நேரான வழியும் இல்லை.

எது நிலைக்கும், எது காலாவதியாகும்

ஒரே புத்தகத்துக்குள் இருந்தாலும் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே ஆயுள் கிடையாது. மழைக்காலம், மலை, வரலாறு, கோயில் ஒழுங்கு, பண்டிகை எந்த மாதம் என்பதெல்லாம் இருபது ஆண்டு கழித்தும் செல்லும். விலை, விசா, நேர அட்டவணை, விடுதி, கப்பல் ஆகியவை புத்தகம் கடைக்கு வருவதற்குள்ளேயே மாறிவிடக்கூடும்.

லோன்லி பிளானட் நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் போகவேண்டிய நாடுகளில் முதலிடத்தை இலங்கைக்குக் கொடுத்தது. அறிவிப்பு வந்தது 2018 அக்டோபரில். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வருடம் கொரோனா. 2022-ல் பொருளாதாரம் நிலைகுலைந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சுற்றில் இருந்த டாலர் மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது. அதற்கு முன் அச்சான எந்தக் கையேட்டிலும் இலங்கை ரூபாயில் போட்ட விலை ஒன்றுகூட உதவவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து மலைநாட்டுச் சாலைகளையும் ரயில் பாதையையும் உடைத்துப் போட்டது. இதில் புத்தகம் எழுதியவர்மேல் தப்பில்லை. எந்தப் பக்கம் எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரிந்து படிக்கவேண்டியது பயணியின் வேலை.

விசா கதையும் இதே மாதிரிதான். 2023 நவம்பரில் இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டவருக்குக் கட்டணமில்லா விசா. 2024 ஏப்ரலில் தனியார் வழியாகப் புதிய முறை. ஆகஸ்டில் இலங்கை உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைக்க, பழைய மின்னணு அனுமதி முறை திரும்பியது. ஒரு வருடத்துக்குள் இத்தனை மாற்றம். ஆகவே விசாவைப் பற்றிப் புத்தகம் சொல்வதைப் பென்சிலால் அடித்துவிட்டு, இலங்கை அரசின் குடிவரவுத் தளத்தைப் பார்க்க வேண்டும். இலங்கை அரசுத் தளங்களின் முகவரி ‘கவ் டாட் எல்கே’ என்று முடியும். அதே நிறம், அதே சின்னத்தோடு கூடுதல் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் இருப்பதால், பணம் கட்டும் முன் அந்த முடிவை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

கடல் வழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய புத்தகங்கள் அதை ஆசை காட்டுகின்றன. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் ரயிலேறியவர் தாம்பரம் வழியாகத் தனுஷ்கோடி போய், கப்பலில் தலைமன்னார் இறங்கி, அங்கே மறுபடி ரயிலேறிக் கொழும்பு சேர்ந்தார். போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து போன கப்பலும் 1984-ல் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் பாலத்தோடு தாம்பரம்–ராமேஸ்வரம் ரயிலும் தொடங்கியது. ராமேஸ்வரத்துக்கு அப்பால் கப்பல் தொடங்கவில்லை. இன்றைய கடல்வழி நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்கு. 2023 அக்டோபர் 14-ல் ஆரம்பித்து, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்ட் 16-ல் மறுபடி தொடங்கிய சேவை அது. வடகிழக்குப் பருவமழையில் கடல் சீறினால் நிறுத்திவிடுவார்கள். கிளாம்பாக்கத்தில் நாகப்பட்டினம் பஸ் ஏறும் நாளன்று காலையில் கப்பல் நிறுவனத்திடம் கேட்டுவிட்டு ஏறவும்.

சிகிரியா பக்கம்: ஒரு செய்முறை

ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தால் முறை பிடிபடும். சிகிரியாக் குன்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற அரசன் குன்றின் மேல் அரண்மனை கட்டியது, 1982-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, ஏற ஏறக்குறைய 1,200 படி, ஓவியங்களைப் படமெடுக்கத் தடை: இவற்றின் அருகே ஒரு டிக். இவை நிலைப்பவை.

“அதிகாலையில் ஏறுங்கள், பத்து மணிக்குமேல் பாறை கொதிக்கும்.” டிக். ஆனால் திறக்கும் நேரம் என்று போட்டிருப்பதைச் சுழியுங்கள். தங்கும் விடுதியில் முதல் நாள் இரவே கேட்க வேண்டும்.

“குளவிகள் தாக்கக்கூடும், சத்தம் போடாதீர்கள்.” இதன்கீழ் அழுத்திக் கோடு. சிகிரியாவில் மலைக்குளவிகள் பயணிகளைக் கொட்டுவது உண்மையாகவே நடக்கிறது. குன்றின் வழியில் எச்சரிக்கைப் பலகைகளும் உண்டு. குளவிக் கடிக்கு உடம்பு வீங்கும் ஒவ்வாமை உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

“நுழைவுக் கட்டணம்” என்று டாலரில் ஒரு தொகை இருக்கும். அதைச் சுழித்துவிட்டு ஓரத்தில் ‘சார்க்’ என்று எழுதுங்கள். ஆங்கிலக் கையேடுகள் பெரும்பாலும் ஐரோப்பியரையும் அமெரிக்கரையும் நினைத்து எழுதப்படுபவை. அவர்களுக்கான முழுக் கட்டணத்தைப் போட்டுவிட்டு, இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு இலங்கையின் பல தொல்லியல் இடங்களில் சலுகைக் கட்டணம் உண்டு என்பதைச் சின்ன எழுத்தில் சொல்வார்கள், சில சமயம் விட்டுவிடுவார்கள். கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் சலுகை. பாஸ்போர்ட்டை விடுதி அறையில் பூட்டிவிட்டு வந்தவர் முழுப் பணம் கட்ட வேண்டியிருக்கும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

இப்படி ஒரு பக்கத்தைப் படித்துப் பழகிவிட்டால் மற்ற ஊர்களின் பக்கங்களும் தானாகவே பிரிந்துவிடும்.

தமிழ்ப் பயணி திருத்திப் படிக்கவேண்டியவை

சாப்பாட்டுப் பக்கத்தில் “சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பிரச்சினையே இல்லை” என்று இருக்கும். பிரச்சினை உண்டு. தேங்காய்ச் சம்பலிலும் சில காய்கறிக் கறிகளிலும் மாசிக் கருவாட்டுத் தூள் போடும் பழக்கம் அங்கே சாதாரணம். சுத்த சைவம் சாப்பிடுபவர் “மாசி போட்டிருக்கா?” என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பு வெள்ளவத்தையிலும் சைவக் கடைகள் கிடைக்கும்.

கோயில் பக்கங்கள் மெலிந்திருக்கும். திருகோணமலைக் கோணேசுவரமும் மன்னாருக்குப் பக்கத்துத் திருக்கேதீச்சரமும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள்; வெளிநாட்டார் எழுதிய கையேட்டில் கோணேசுவரத்துக்குக் கடற்பாறைக் காட்சியும், திருக்கேதீச்சரத்துக்கு நாலு வரியும் கிடைக்கும். நல்லூர் கந்தசாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், ஆவணியை ஒட்டி வரும் திருவிழா 25 நாள் நடக்கும் என்பது பெரும்பாலும் இருக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு மீதியை ஓரத்தில் எழுதிச் சேருங்கள்.

மொழிப் பக்கத்தில் சிங்களச் சொற்கள் ரோமன் எழுத்தில் இருக்கும். காலி, மாத்தறை, அனுராதபுரம் பக்கம் கடைக்காரருக்குத் தமிழ் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. வணக்கத்துக்கு ஆயுபோவன், நன்றிக்கு ஸ்துதி, எவ்வளவு என்பதற்குக் கீயத, எங்கே என்பதற்குக் கொஹெத என்று பத்துச் சொல்லைத் தமிழில் எழுதி அட்டையில் ஒட்டிக்கொண்டால் பஸ்ஸில் நடத்துநரிடம் பேச்சு ஓடும்.

குறிப்பு: இலங்கையின் புதிய கட்டடங்களில் மூன்று சதுர முனை பிளக். நம் உருண்டை முனை சார்ஜர் சில இடங்களில் நுழையாது. தாம்பரம் கடைகளிலேயே ஒரு அடாப்டர் வாங்கிப் போடவும். 2024 பிப்ரவரி முதல் இந்திய யுபிஐ அங்கே சில கடைகளில் செல்கிறது. சில கடைகளில் மட்டும்தான், எனவே ரொக்கமும் வேண்டும்.

மழையைப் பார்த்துத் திசையை முடிவு செய்வது

கையேட்டில் எல்லாரும் தாண்டிப்போகும் பக்கம் பருவநிலை. முதலில் படிக்கவேண்டியது அதுதான். இவ்வளவு சிறிய தீவில் இரண்டு பருவமழை, இரண்டும் வெவ்வேறு பக்கத்தில் பெய்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. கொழும்பு, காலி, மாத்தறை நனையும், கடல் கொந்தளிக்கும். அக்டோபருக்குப் பின் ஜனவரி வரை வடகிழக்கு. திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் நனையும். இரண்டாவது நம் மழையேதான். முடிச்சூரில் தண்ணீர் நிற்கும் வாரத்தில் யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் போடக் கூடாது.

பள்ளி விடுமுறையோடு பொருத்தினால் இப்படி வரும். மே விடுமுறைக்குக் கிழக்கும் வடக்கும்: திருகோணமலை, பாசிக்குடா, யாழ்ப்பாணம். வெயில் சென்னை மாதிரியே அடிக்கும், ஆனால் கிழக்குக் கடல் அமைதி. டிசம்பர் கடைசி அரையாண்டு விடுமுறைக்குத் தெற்கு: காலி, மிரிஸ்ஸ. திமிங்கிலம் பார்க்கும் படகுகூட இதே கணக்கில்தான் ஓடும். குளிர்காலத்தில் மிரிஸ்ஸ, கோடையில் திருகோணமலை. மின்னேரியாக் குளக்கரையில் யானைகள் கூட்டமாகத் திரள்வது ஜூலை முதல் செப்டம்பர் வரை. சிவனொளிபாத மலை ஏறும் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடியும். 2,243 மீட்டர் உச்சியில் விடியற்காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

வழியை எழுதும் வரிசை

1. பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மற்ற வேலைகளைத் தொடங்காமல் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

2. விடுமுறைத் தேதியை முடிவு செய்து, பருவநிலைப் பக்கத்தைப் பார்த்துத் தீவின் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரத்தில் யாழ்ப்பாணமும் காலியும் இரண்டும் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள்.

3. காலண்டரில் பௌர்ணமியைக் குறியுங்கள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அரசு அலுவலகம், வங்கி மூடியிருக்கும். மது விற்பனை கிடையாது. பஸ்ஸும் ரயிலும் நெரியும்.

4. புத்தகத்தை ஒருமுறை குறியிடாமல் படியுங்கள். இரண்டாம் முறை பென்சிலோடு.

5. ஊருக்கு ஊர் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதாமல் மணியில் எழுதுங்கள். கொழும்பு–காலி அதிவேகச் சாலையில் ஓடும் வண்டியையும் நுவரெலியா மலைவளைவில் ஊரும் வண்டியையும் ஒரே கணக்கில் போடக் கூடாது.

6. மாறக்கூடியவை என்று சுழித்தவற்றை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் அரசுத் தளத்திலோ தொலைபேசியிலோ கேட்டு உறுதி செய்யுங்கள். கேட்ட தேதியையும் பக்கத்தில் போடுங்கள்.

7. கண்டி–எல்ல மலை ரயிலுக்கு முன்பதிவு இருக்கைகள் வேகமாகத் தீரும். சுமார் ஒரு மாதம் முன்பே பதிவு செய்ய முயல வேண்டும். பாதை முழுவதும் ரயில் ஓடுகிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

8. பயணத் திட்டத்தின் ஒரு பிரதி வீட்டில் இருப்பவர் கையில்.

புத்தகத்தைப் பிரித்துக் கட்டுவது

நானூறு பக்கக் கையேட்டை நாள் முழுவதும் சுமப்பது பாரம். தேவைப்படும் பக்கம் நூறுகூட வராது. புத்தகத்தை வெட்ட மனம் வராதவர்கள் பக்கங்களைப் படியெடுத்துக்கொள்ளலாம். சொந்தப் புத்தகம்தான் என்றால் பிரிப்பதே நல்லது.

முதுகை விரித்துப் பாருங்கள். தாள்கள் கொத்துக் கொத்தாக நூலால் தைத்திருந்தால் தையல் பைண்டிங். நூலை இரண்டு கொத்துக்கு இடையில் வெட்டினால் போதும், தாள் உதிராது. முதுகில் பசை மட்டும் தெரிந்தால், அறுப்புக் கத்தியை அளவுகோல் ஓரமாக வைத்து, ஒரே இழுப்பில் வெட்டாமல் மூன்று நான்கு முறை மெதுவாகக் கீற வேண்டும். அவசரப்பட்டால் உள் ஓரத்து எழுத்து போய்விடும். பசை பைண்டிங் வெயிலில் இளகும். வெட்டாமல் கொண்டுபோனாலும் சிகிரியா ஏறுவதற்குள் தாள்கள் தாமாகக் கழன்று வருவது உண்டு.

பிரித்த பக்கங்களை இந்த வரிசையில் அடுக்குங்கள்: அவசர எண்கள், மொழிப் பக்கம், நாட்டு வரைபடம், பிறகு போகும் ஊர்கள் போகும் வரிசையிலேயே. புத்தகத்தின் வரிசையை மறந்துவிடலாம். ஜெராக்ஸ் கடையில் மேலும் கீழும் பிளாஸ்டிக் அட்டை போட்டுச் சுருள் பைண்டிங் செய்யச் சொன்னால் ஒரு நோட்டு மாதிரி ஆகிவிடும். கடைசியில் நாலு வெள்ளைத் தாள் சேர்க்கச் சொல்லுங்கள். ஆட்டோ எவ்வளவு கேட்டார், எந்தக் கடையில் இடியப்பமும் சொதியும் நன்றாக இருந்தது என்பதை எழுத அது வேண்டும். மழை நாட்டுக்குப் போவதால் முழு நோட்டையும் ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில் போடுவது அவசியம்.

பாதுகாப்பு: புத்தகத்தைத் திறக்க நேரமில்லாதபோது

பின்வரும் எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். காவல்துறை 119. ஆம்புலன்ஸ் 1990; நம் 108 மாதிரி இலவசச் சேவை, 2016-ல் இந்திய அரசின் உதவியோடு தொடங்கியது. சுற்றுலாக் காவல்துறை 1912. இந்தியத் தூதரகம் கொழும்பில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகமும் உண்டு. அவற்றின் எண்களை இந்திய வெளியுறவுத் துறைத் தளத்திலிருந்து எடுத்து எழுதிக்கொள்ளவும், புத்தகத்தில் உள்ளவை பழையனவாக இருக்கலாம்.

கொசுவை மறக்கக் கூடாது. மலேரியா ஒழிந்தாலும் டெங்கு உண்டு; 2017-ல் மட்டும் 1,80,000-க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. பகலிலும் கொசு விரட்டும் களிம்பு பூசுங்கள். காய்ச்சல் கண்டால் ஆஸ்பிரின் வகை மாத்திரையைத் தொடாமல் மருத்துவரைப் பாருங்கள். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், இலங்கை போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கக் கூடாது. கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்த பிரிட்டிஷ் பெண் ஒருவரை 2014-ல் திருப்பி அனுப்பினார்கள். பிறகு 2017-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது என்றாலும், விடுமுறை போனது போனதுதான். கண்டி தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும்.

வன்னியிலும் மன்னார்ப் பக்கமும் கண்ணிவெடி அகற்றும் வேலை போருக்குப் பின் பல ஆண்டுகள் நீண்டது. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் ஒரு அடிகூட உள்ளே வைக்காதீர்கள். ஆள் நடமாட்டம் உள்ள பாதையை விட்டு இறங்கவும் வேண்டாம். ராணுவ முகாம்களைப் படமெடுக்கக் கூடாது. ஹபரணைக் காட்டுச் சாலையில் அந்தி நேரத்தில் யானைகள் கடக்கும்; இருட்டுவதற்குள் விடுதியை அடையும்படி கிளம்புங்கள். கடலில் சிவப்புக் கொடி இருந்தால், உள்ளூர்ப் பையன்கள் குளித்துக்கொண்டிருந்தாலும் இறங்காதீர்கள்.

திரும்பி வந்த பிறகு

நோட்டின் வெள்ளைத் தாள்களில் எழுதியவற்றை ஒரு வாரத்துக்குள் சுத்தமாகப் படியெடுத்து, எழுதிய மாதத்தையும் ஆண்டையும் மேலே போடுங்கள். புத்தகத்தில் கண்ட தப்புகளைப் பக்க எண்ணோடு பதிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம். பெரிய கையேட்டு நிறுவனங்கள் வாசகர் திருத்தங்களைக் கேட்டு வாங்கியே அடுத்த பதிப்பைச் செப்பனிடுகின்றன. தெருவில் வேறு யாராவது கிளம்பினால் சுருள் நோட்டை அப்படியே கொடுத்துவிடுங்கள். விலைகளை மட்டும் நம்பவேண்டாம் என்று சொல்லிக் கொடுக்கவும்.